கோடைக்கு ஒரு வீடு, குளிருக்கு ஒரு வீடு!

வேல்ஸ் மலைகளில் புதைந்து கிடக்கும் மேய்ச்சல் கணக்கு

வேல்ஸ் நாட்டு மலைச்சரிவுகளில் கோரையும் பெரணியும் மண்டிக் கிடக்கும். அதன் நடுவே சில இடங்களில் மட்டும் நல்ல பசும்புல் தனித் திட்டாகத் தழைத்து நிற்கும். ஆடுகளை மேய விட்டால் அவை விரும்பித் தேடிப் போகும் புல் அது. அருகில் போய்ப் பார்த்தால், புல்லுக்கு அடியில் நீள்சதுரமாக ஓடும் கல்வரிசை தெரியும். நடுவில் வாசல் இருந்த இடைவெளி. ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பட்டியின் சுவடு. கூப்பிடு தூரத்தில் ஓடை.

பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு கோடைக்காலத்தில் கறவை மாடுகளைக் கட்டி வைத்துப் பால் கறந்த இடம் அது. மாடுகள் போய்விட்டன. ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் போய்விட்டார்கள். கூரை இற்று, சுவர் சரிந்துவிட்டது. ஆனால், அந்த மாடுகள் போட்ட சாணத்தில் வளமான மண் இன்னமும் சுற்றுப்புறத்தைவிட நல்ல புல்லைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தொல்லியல் ஆய்வாளர்கள் பழைய குடியிருப்புகளைத் தேடும்போது, இந்தப் பச்சைத் திட்டுகளையும் ஓர் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

பிரிட்டன் தீவின் மேற்குப் பக்கம் இருக்கிறது வேல்ஸ். பரப்பளவு ஏறக்குறைய 20,700 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 31 லட்சம் பேர். ஆடுகளின் எண்ணிக்கையோ அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நாட்டின் பெரும்பகுதி மேடும் மலையும்தான். வடக்கே ஸ்னோடோனியா மலைகளில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்க்கும். மண்ணில் அமிலத்தன்மை அதிகம், வெயில் குறைவு. தானியம் போட்டால் கைக்கு வருமா என்பது நிச்சயமில்லை. நிச்சயமாக விளைவது ஒன்றே ஒன்று... புல். அந்தப் புல்லை ஒரு பிடிகூட வீணாக்காமல் பாலாகவும் இறைச்சியாகவும் மாற்றுவதற்கு அந்த மக்கள் வகுத்த ஏற்பாட்டின் மிச்சம்தான் இந்தக் கல்வரிசைகள்.

இரண்டு வீட்டுக் குடித்தனம்

வேல்ஸ் மொழியில் கோடைக்கு ‘ஹாவ்’ என்று பெயர். இருப்பிடத்துக்கு ‘போட்’. இரண்டும் சேர்ந்து ‘ஹவோட்’ ஆனது. அதாவது, கோடை வீடு. இது மலை மேலே இருந்தது. பள்ளத்தாக்கில் இருந்த நிலையான வீட்டுக்கு ‘ஹெண்ட்ரே’ என்று பெயர். பழைய வீடு, பூர்வீக வீடு என்று பொருள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு வீடுகள். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பண்ணை.

மே மாதம் முதல் தேதிக்கு அங்கே ‘கலான் மை’ என்று பெயர். கோடையின் முதல் நாளாக அதைக் கொண்டாடினார்கள். அதையொட்டி மாடுகள் மேலே புறப்படும். நவம்பர் முதல் தேதி குளிர்காலத்தின் முதல் நாள். அதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். வேல்ஸ் மொழியின் மாதப் பெயர்களிலேயே இந்தக் கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜூன் மாதத்தின் பெயருக்கு ‘நடுக்கோடை’ என்று பொருள். ஜூலையின் பெயருக்கு ‘கோடை முடிவு’. செப்டம்பர் என்றால் அறுவடை. நவம்பரின் பெயருக்குப் பொருள் ‘வெட்டு’. குளிர்காலம் முழுவதற்கும் தீவனம் போதாது என்பதால், தாங்கக்கூடிய உருப்படிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை வெட்டி உப்புக்கண்டம் போட்டு வைத்த மாதம் அது.

பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹவல் தா என்ற அரசரின் பெயரில் வழங்கும் பழைய சட்டத் தொகுப்புகள் வேல்ஸில் உண்டு. இப்போது கிடைக்கும் ஏடுகள் 13-ம் நூற்றாண்டு தொடங்கி எழுதப்பட்டவை. எந்தெந்தக் கட்டடத்துக்கு என்ன மதிப்பு என்று சொல்லும் இடத்தில், குளிர்கால வீடு, அறுவடைக்கால வீடு, கோடை வீடு என்று தனித்தனியாகவே வருகிறது. பருவத்துக்கு ஒரு வீடு என்பது அன்றைய சட்டமே அறிந்த நடைமுறை.

மாட்டை ஏன் மேலே ஓட்டினார்கள்?

கீழேயே புல் இருக்கும்போது எதற்காக மலை ஏற வேண்டும் என்ற கேள்வி எழலாம். விவசாயக் கணக்கில் இதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, வெப்பநிலை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 300 மீட்டர் மேலே போனாலே இரண்டு டிகிரி குளிர்ச்சி கூடிவிடும். அந்த நாட்டுப் புல், மண்ணில் சுமார் 5, 6 டிகிரி சூடு வந்த பிறகுதான் துளிர்க்க ஆரம்பிக்கும். அதனால், பள்ளத்தாக்கில் புல் வளர்ந்து சில வாரங்கள் கழித்துத்தான் மலையில் புல் வரும். கீழே இளம்புல் தீரும் நேரத்தில் மேலே இளம்புல் தயாராகும். மாடுகளை மேலே கொண்டுபோனால் இளம்புல் காலம் நீள்கிறது. கறவையும் நீள்கிறது.

இரண்டாவது, கீழ்நிலத்துக்கு ஓய்வு. மாடுகள் மேலே இருக்கும் மாதங்களில் பள்ளத்தாக்குப் புல்வெளியை வளரவிட்டு, அறுத்து, காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். மாடு கீழேயே மேய்ந்தால் அந்த உலர்புல் கிடைக்காது. உலர்புல் இல்லை என்றால் ஜனவரியில் மாடு இல்லை.

மூன்றாவது, பயிர்ப் பாதுகாப்பு. ஹெண்ட்ரேயைச் சுற்றி ஓட்ஸும் பார்லியும் போட்டிருப்பார்கள். பல குடும்பங்களின் துண்டு நிலங்கள் வேலியின்றி அடுத்தடுத்துக் கிடக்கும். மாடு உள்ளே புகுந்தால் ஊர்ச் சண்டைதான். அந்தப் பழைய சட்டத் தொகுப்புகளில் கால்நடைகள் பயிரை மேய்ந்தால் என்ன ஈடு தர வேண்டும் என்பதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பயிர்க்காலம் முழுவதும் மாடுகளை மலைக்கு அனுப்பிவிடுவது, ஊர் முழுவதற்கும் போட்ட வேலி மாதிரி.

மலை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அந்தந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு அதில் மேய்ச்சல் உரிமை இருந்தது. பத்திர மொழியில் ‘மேய்க்கால்’ என்று எழுதுவதைப்போல. எரிப்பதற்கு வெட்டி உலர்த்திய சதுப்பு மண்கட்டியும், மாட்டுக்கு அடியில் பரப்பப் பெரணியும் அங்கிருந்துதான் வந்தன.

மலை மேலே என்ன வேலை?

தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ்காரர் 1770-களில் தன் நாட்டைச் சுற்றி வந்து பயண நூல் எழுதினார். ஸ்னோடோனியா மலையில் அப்போதும் புழக்கத்தில் இருந்த ஹவோடுகளை நேரில் பார்த்து அவர் குறித்து வைத்திருக்கும் விவரங்கள், கல்வரிசைகளுக்கு உயிர் கொடுக்கின்றன.

நீளமான, உயரம் குறைந்த ஒற்றை அறை. ஒரு கோடியில் அடுப்பு. அதற்கு மேலே புகை போக ஒரு துளை. உட்காரக் கற்கள். சுவரோரமாகப் பரப்பிய உலர்புல்தான் படுக்கை. ஆண்கள் அறுவடை வேலைக்குப் போவார்கள், இல்லையென்றால் மந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாலாடைக்கட்டி செய்வார்கள். வீட்டுச் செலவுக்கு வெள்ளாட்டுப் பாலும் செம்மறிப் பாலும் கறந்து அதிலும் பாலாடைக்கட்டி செய்துகொள்வார்கள். சாப்பாடு ஓட்ஸ் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. குடிப்பதற்குப் பால் திரிந்து பிரியும் தெளிநீர். உடுத்துவதையும் அவர்களே நெய்து, பாறையில் படரும் பாசியைக் கொண்டு சாயம் ஏற்றினார்கள்.

பாலை மலையிலிருந்து தினமும் கீழே கொண்டுவர முடியாது. கெட்டுவிடும், பாதையும் கரடுமுரடு. உப்புப் போட்ட வெண்ணெயாகவும் பாலாடைக்கட்டியாகவும் மாற்றினால் எடை குறையும், மாதக்கணக்கில் தாங்கும். குளிர்காலம் முழுவதும் வீட்டுக்கு உணவு அதுதான். பழைய வேல்ஸ் அரசர்களுக்கு மக்கள் கொடுத்த பொருள் வரியில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் இடம்பெற்றிருந்ததற்கும் இதுவே காரணம். ஹவோட் என்பது வெறும் தங்குமிடம் இல்லை. மதிப்புக்கூட்டும் பட்டறையும் அதுதான்.

கல்லைப் படிப்பது எப்படி?

இந்த இடிபாடுகளைப் படிப்பது ஆய்வாளர்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை. மண்ணின் அமிலத்தன்மை எலும்பைக் கரைத்துவிடும். பால் வாளியும் வெண்ணெய்த் தொட்டியும் மரத்தால் ஆனவை, மக்கிப் போய்விட்டன. ஊருக்கு இறங்கும்போது கத்தி, சட்டி எதையும் யாரும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். தோண்டினால் பல இடங்களில் கிடைப்பது அடுப்புச் சாம்பல் மட்டும்தான். அதனால், பொருளைவிட இடம்தான் அதிகம் பேசுகிறது.

சரிவில் வீடு கட்டுவதற்கு அவர்கள் கையாண்ட முறை இன்றைக்கும் கவனிக்கத்தக்கது. சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமதளம் எடுத்தார்கள். வீட்டின் நீளவாட்டை மலையின் குறுக்கே வைக்காமல், மேலிருந்து கீழாக அமைத்தார்கள். சரிந்து வரும் மழைநீர் குறுகிய பக்கத்தில் மட்டுமே மோதும். அந்த மேல்கோடியிலும் பிறை வடிவில் ஒரு கரை எழுப்பி, வரும் தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டார்கள். கல் முழுவதும் போன பிறகும் இந்தச் சமதளமும் கரையும் அழியாமல் நிற்கின்றன.

1930-களில் தெற்கு வேல்ஸின் கெல்லிகேர் பொதுநிலத்தில் இப்படிப்பட்ட மேடைகளை ஐலீன் பாக்ஸ் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். அடுப்புகளும், தூண்கள் நட்ட குழிகளும், 13, 14-ம் நூற்றாண்டுப் பானை ஓடுகளும் கிடைத்தன. ஆண்டு முழுவதும் குடியிருந்த வீடுகளா, கோடைக்கு மட்டும் வந்து தங்கியவையா என்ற விவாதம் அப்போதே தொடங்கிவிட்டது. பக்கத்தில் உழவு செய்த சுவடு இருந்தால் நிரந்தரக் குடியிருப்பாக இருக்கலாம். உழவே இல்லாமல், உயரத்தில், ஓடையோரம், சின்னப் பட்டியோடு இருந்தால் ஹவோடாக இருக்கலாம். இடத்தின் பெயரில் ‘ஹவோட்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

வடக்கு வேல்ஸின் ப்ரெனிக் பள்ளத்தாக்கில் 1970-களில் நீர்த்தேக்கம் கட்டும் வேலை நடந்தது. தண்ணீர் தேங்குவதற்கு முன்பு அந்தப் பகுதி முழுவதையும் ஆய்வு செய்தார்கள். ஓடைக்கரையில் நீள்சதுர வீடுகள் கூட்டமாக இருந்த ஓர் இடம் 1973, 74-ல் அகழப்பட்டது. அதன் பெயரே ‘ஹவோட்’ என்றுதான் தொடங்குகிறது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு புழக்கத்தில் இருந்த கோடைக் குடியிருப்பு அது. ஒரு குடும்பம் தனியாக மலை ஏறவில்லை, பல குடும்பங்கள் சேர்ந்தே ஏறின என்பதை அந்த வீட்டுக் கூட்டம் காட்டுகிறது.

1990-களுக்குப் பிறகு வேல்ஸ் முழுவதும் கைவிடப்பட்ட கிராமப்புறக் குடியிருப்புகளைக் கணக்கெடுத்தார்கள். சாய்ந்த வெயிலில் நிழல் நீளமாக விழும் குளிர்கால மாலைகளில் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் பெரிதும் உதவின. இப்போது லேசர் கதிர் கொண்டு நில மட்டத்தை அளக்கும் முறையும் வந்துவிட்டது. நடந்துபோனால் கண்ணில் படாத அரையடி மேடும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

வீடு எப்படிக் காலியானது?

ஹவோட் முறை ஒரே நாளில் முடியவில்லை. 1349-ல் வேல்ஸைத் தாக்கிய கொள்ளைநோய் ஆட்களைக் கொன்று குவித்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து நடந்த நீண்ட கிளர்ச்சி ஊர்களைப் பாழாக்கியது. தட்பவெப்பமும் குளிர்ந்துகொண்டே வந்தது.

இன்னொரு பக்கம், கம்பளிக்கு விலை இருந்தது. 1164-ல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா என்ற துறவியர் மடம், நடு வேல்ஸ் மலைகளில் பெரும் பரப்பில் ஆடு வளர்த்தது. பின்வந்த நூற்றாண்டுகளில், கறவை மாடுகள் மேய்ந்த மலைகளில் ஆடுகள் பெருகின. மாட்டைக் கறக்கக் குடும்பமே மேலே போக வேண்டும். கம்பளிக்கும் கறிக்கும் வளர்க்கும் ஆட்டுக்கு ஒரு மேய்ப்பர் போதும். கோடையில் நிறைந்திருந்த பெண்களும் பிள்ளைகளும் இல்லாமல், மலை ஒற்றை ஆள் வேலைக்கான இடமாகிவிட்டது.

மக்கள்தொகை கூடியபோது சில ஹவோடுகள் நிரந்தர வீடுகளாகின. மேலே போன ஒரு கிளைக் குடும்பம் அங்கேயே தங்கி, வேலி போட்டு, ஓட்ஸ் விதைத்தது. இன்றைய வேல்ஸ் வரைபடத்தில் ‘ஹவோட்’ என்று தொடங்கும் பல பண்ணைகள் இப்படி வந்தவைதான். எஞ்சியவை கல்வரிசைகளாயின.

ஏட்டில் ஏறிய ‘தரிசு’

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பொதுநிலங்களுக்கு வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலைகள் அந்த ஏடுகளில் ‘தரிசு’ என்று குறிக்கப்பட்டன. வேலி இல்லை, உழவு இல்லை, குளிர்காலத்தில் போய்ப் பார்த்தால் ஆளும் இல்லை. ஆண்டில் பாதி நாள் பயன்படும் நிலத்தை, பயன்படாத பாதி நாளை வைத்து அளந்தார்கள்.

பெரிய எஸ்டேட்காரர்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். பத்திரம் இல்லாமல் வழக்கத்தால் மட்டுமே உரிமை கொண்டிருந்த ஏழைகள் பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மேற்கு வேல்ஸில் அகஸ்டஸ் பிராக்கன்பரி என்ற ஆங்கிலேயர் 1820-களில் இப்படி வேலி போடப்பட்ட மலைநிலத்தை வாங்கி வீடு கட்டினார். எரிபொருளுக்கு மண்கட்டி வெட்டும் உரிமை போன ஊர் மக்கள் திரண்டு வந்து அதை இடித்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்க ஆண்கள் பெண் வேடத்தில் வந்தார்கள். கடைசியில், அவர் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறினார். ‘குட்டி ஆங்கிலேயன் போர்’ என்று இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள்.

ஆனால், பெரும்பாலான இடங்களில் சண்டை நடக்கவில்லை, வேலிதான் வந்தது. மலை தரிசு இல்லை என்பதற்குச் சொல்ல அன்றைக்குச் சாட்சி போதவில்லை. பாலைக் கறந்தவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கல்வரிசைகளும், அடுப்புச் சாம்பலும், சாணத்தால் பச்சையான புல்திட்டும் அந்தச் சாட்சியைச் சொல்கின்றன.

இன்றைக்கு மிச்சம் இருப்பது என்ன?

இருபதாம் நூற்றாண்டில் மலைகளுக்கு வேறு ஆபத்துகள் வந்தன. அரசு வனத்துறை ஊசியிலை மரங்கள் நடுவதற்காகப் பெரிய இயந்திரங்களால் சரிவுகளை உழுதது. பள்ளத்தாக்குகளில் நகரங்களுக்கான நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பெரணி வேர்களும் புல்லுக்கு அடியில் இருக்கும் பழைய தரைகளைக் குலைக்கின்றன.

அதே நேரத்தில், அழியாமல் காத்தவர்களும் விவசாயிகள்தான். ஆடுகள் மேயும் வரையில் புதர் மண்டாது, சுவடும் மறையாது. 1999-ல் வேல்ஸில் தொடங்கிய ‘டிர் கோவால்’ என்ற நிலப் பராமரிப்புத் திட்டத்தில், ஓடை, வேலிச்செடி ஆகியவற்றோடு பண்ணையில் உள்ள பழைய இடிபாடுகளைப் பாதுகாப்பதும் சேர்க்கப்பட்டது. அதற்காக விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள்.

இடம்பெயரும் மேய்ச்சலும் முழுவதாக மறையவில்லை, திசை மாறியிருக்கிறது. மலைப் பண்ணைக்காரர்கள் பலர் தங்கள் இளம் பெட்டை ஆடுகளை இலையுதிர்காலத்தில் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். தலைக்கு வாரம் இவ்வளவு என்று பேசிக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அங்கே மேயவிட்டு, இளவேனிலில் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். முன்பு ஒரே குடும்பம் இரண்டு உயரங்களை வைத்திருந்தது. இப்போது இரண்டு பண்ணைகள் ஒப்பந்தம் போட்டு அதையே செய்கின்றன.

வேலி இல்லாத பொதுமலைகளில் இன்னும் ஒன்று தொடர்கிறது. தாய் ஆடு எந்தப் பகுதியில் மேய்கிறதோ, அதைக் குட்டியும் பக்கத்திலேயே இருந்து பழகிக்கொள்ளும். வளர்ந்த பிறகு அந்த எல்லையைத் தாண்டிப் பெரும்பாலும் போகாது. இப்படிப் பழகிய இடத்துக்கு ‘கனெவின்’ என்று பெயர். 2001-ல் பிரிட்டன் முழுவதும் கோமாரி நோய் பரவி 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபோது, மலை விவசாயிகள் அதிகம் பயந்தது இதற்காகத்தான். ஆட்டைச் சந்தையில் திரும்ப வாங்கிவிடலாம். தாயிடமிருந்து குட்டிக்கு வந்த எல்லைக் கணக்கை எந்தச் சந்தையில் வாங்குவது?

உலக அளவில் இப்போது இதைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. ஸ்பெயின், இத்தாலி, ருமேனியா உள்ளிட்ட 10 ஐரோப்பிய நாடுகளின் பருவகால இடப்பெயர்வு மேய்ச்சலை 2023-ல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2026-ம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. வேல்ஸ் மலைகளில் ஹவோட் வாழ்க்கை முடிந்து நெடுங்காலமாகிவிட்டது. ஆனால், ஒவ்வோர் இளவேனிலிலும் மேலே திரும்பும் ஆடுகள், அந்த மாடுகள் விட்டுப்போன பச்சைத் திட்டில் வாய் வைக்கின்றன.